மேட்டுக் கிணற்று நெல்லி

வட்டவிதானை செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். அவருடைய மகள் வந்து என் வாசலில் நின்றாள்.

"அக்கா, ஊரில எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே. அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நாலு நல்ல கதை இருந்தாக் காணும்."

ஓம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் இந்த ஊரின் முன்பள்ளி ரீச்சர். கலியாண வாழ்த்து, செத்தவீட்டு அறிவித்தல், கந்தோருக்கு மனு என்று எல்லாம் என்னிடம்தான் வரும். அவள் போன பிறகு குசினிக்குள் போனால் சோறு அடிப்பிடித்துக் கிடந்தது. அந்த மனிதர் செத்தும் எனக்கு ஒரு நேரச் சோற்றைக் கெடுத்தார்.

நாலு நல்ல கதை கேட்டாள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஒருவரும் நன்றி கெட்டவள் என்று சொல்லக்கூடாது.

சண்டை கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தபோது ஊர் முழுக்க வெருகலை நோக்கி ஓடியது. ரோட்டால் போக வழியில்லை. சதுப்புக்குள்ளால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். முன்னால் நடந்து, மடக்கிய கறுப்புக் குடையால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தபடி, "என்ர கால் பட்ட இடத்தில கால வையுங்கோ. மற்ற இடமெல்லாம் ஆளைத் தின்னும்" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். கைக்குழந்தைக்காரிகள், கிழவர்கள், ஆட்டைத் தோளில் போட்டவர்கள் எல்லாரும் அவருடைய அடிச்சுவட்டில் நடந்தார்கள். ஒருவரும் புதையவில்லை. நானும் அம்மாவும் அப்படித்தான் உயிர் தப்பினோம். அதற்காக எனக்கு அவரைப் பிடிக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. பிடிக்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு வயிறுதான் எரிகிறது.

எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவரை வட்டவிதானை என்போம். வரம்பு வரம்பாக நடக்கிற வேலை. அதனால் ஊரின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நின்றிருந்தால் நல்லது. தெரியாததையும் அவர் சொல்லுவார். யார் எதைக் கேட்டாலும் அந்தக் குடையைத் தூக்கி ஒரு திசையைக் காட்டி, ஒரு கதையையும் சொல்லி முடித்துவிடுவார். அந்தக் குடையை மழைக்கோ வெயிலுக்கோ அவர் விரித்து நான் பார்த்ததில்லை. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஊருக்குத் தெற்கே ஒரு துரவு இருக்கிறது, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கிற அகலமான பள்ளம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கோயிலுக்குப் புதிதாக வந்த ஐயருக்கு அந்தத் துரவடியில் ஒரு முனிவர் தவம் இருந்தார் என்று சொன்னார். ஐயர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை பள்ளிக்கூடம் பார்க்க வந்த ஒரு துரைக்கு, ஒல்லாந்தக்காரன் ஒருவனுடைய குதிரை விழுந்து செத்த பள்ளம் அது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"போன கிழமை முனிவர் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை. முனிவர் விடியக்காலமை இருந்தவர். குதிரை பின்னேரம் விழுந்தது" என்றார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரையும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு குடைப்பிடியால் என் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மெல்லத் தட்டியதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கண் கலங்கியது. "இந்தத் தலைக்குள்ள கேள்வி கூடிப்போச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் அன்று சிரித்தாள். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள், தூரத்து உறவுமுறை.

ஊரின் கதை எப்படித் தொடங்கினாலும் அவருடைய பூட்டனில், பாட்டனுக்குத் தகப்பனில், போய் நிற்கும். பூட்டன் வண்டில் கட்டி வந்தார். பூட்டன் காட்டை வெட்டினார். பூட்டன் தடியை ஊன்றிய இடத்தில் தண்ணீர் பீறிட்டது. மற்றக் குடும்பங்கள் எல்லாம் பூட்டன் பாவம் பார்த்துக் கூப்பிட்டு இருத்திய ஆட்கள். எங்கள் பூட்டனுக்கும் இரண்டு கை இருந்திருக்கும், அவரும் ஒரு மரத்தையாவது வெட்டியிருப்பார் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கேட்கச் சுவையாக இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஊரின் அமைப்பைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மேற்கே குளம், குளத்துக்குக் கீழே வயல்வெளி, கிழக்கே கடலோடு சேர்ந்த களப்பு. வயலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல்மேடு நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. மேட்டில் வெட்டினால் நல்ல தண்ணீர். மேட்டை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கி வெட்டினால் சவர், உப்புத் தண்ணீர். பல்லில் வைக்க ஏலாது. எங்கள் பூமிசாத்திரம் அவ்வளவுதான். பெண் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் முதலில் கேட்பது வீடிருக்கிற வளவு மேட்டிலா கீழேயா என்பதைத்தான்.

எங்கள் வளவு மேட்டில் இருந்தது. வட்டவிதானையின் வளவுக்குப் பக்கத்து வளவு. கிணறு அப்பா தானே இறங்கி வெட்டியது. கிணற்றின் அடியில் நெல்லிக்குற்றி, நெல்லிமரத் துண்டு, போடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் தெளியும், நாக்கில் ஒரு இனிப்பு நிற்கும். அப்பா காட்டுக்குப் போய் ஒரு நெல்லியைத் தறித்துத் தோளில் தூக்கி வந்தார். வாசல் படலையடியில் அது நழுவி அவருடைய காலில் விழுந்தது. பெருவிரல் நகம் போனது போனதுதான், பிறகு முளைக்கவே இல்லை. அப்பாவைக் கண்டால் ஆட்கள் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன, நெல்லி இன்னும் முளைக்கேல்லையோ?" என்று பகிடி விடுவார்கள். அப்பா பாம்பு கடித்துச் சாகும்வரைக்கும் அந்தப் பகிடி நடந்தது. ஊர் ஓடுவதற்கு முதலே அவர் போய்விட்டார்.

சண்டை முடிந்து திரும்பி வந்தபோது மேடு வழித்துவிட்ட மாதிரிக் கிடந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் அங்கே ஆமி முகாம் இருந்ததாம். வேலி இல்லை, வேலிக்கு நட்ட கதியால் இல்லை, வீடு இல்லை. கிணறுகளை மண்ணால் மூடியிருந்தார்கள். எந்த இடத்தில் நின்று எந்த இடத்தைத் தேடுவது என்று தெரியாமல் ஆட்கள் வெறும் மணலில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். காணி உறுதிகளும் எரிந்து போயிருந்தன. காணிக் கந்தோரிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து, "இஞ்ச எல்லை தெரிஞ்ச ஆள் ஆர்?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

அன்று அவர் செய்ததைப் பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். குடையை மணலில் குத்தி, "இது சின்னத்தம்பியின்ர குசினி மூலை" என்றார். தோண்டினார்கள். கரி படிந்த அடுப்புக்கல் வந்தது. சின்னத்தம்பி மாமா அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். இன்னோர் இடத்தில் குத்தி, "இந்த இடத்தில பலா" என்றார். வேர் வந்தது. ஒவ்வொரு வளவாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாம் சரி, ஒரு முழம்கூடப் பிசகவில்லை. கந்தோர்க்காரர் அவர் சொன்னபடியே அளந்தார்.

எங்களுடைய முறை வந்தது. அவர் மேட்டை விட்டு இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். களப்போரம், கண்டல் மரங்களுக்கு இந்தப் பக்கம், உப்புப் பூத்த ஒரு துண்டு நிலம். குடையைக் குத்தினார்.

"இதுதான் தங்கச்சி உன்ர வளவு."

அம்மா சிரித்தாள். பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டாள். "அண்ணை, எங்கட வளவு மேட்டிலயல்லோ? உங்கட வேலிக்கு இஞ்சாலதானே?"

"அது உன்ர மனுசன் என்னட்டக் கேட்டு இருந்த இடம். என்ர பூட்டன்ர காணி. உனக்கு மறந்துபோச்சு."

"அப்ப என்ர கிணறு எங்க?"

அவர் குடையால் மணலைக் கிளறினார். பிறகு சொன்னார்:

"அது எனக்குத் தெரியாது."

பிறந்ததிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட ஒரே 'தெரியாது' அதுதான். ஒல்லாந்தக் குதிரை செத்த இடம் தெரிந்த மனிதருக்கு, தன் வேலிக்குப் பக்கத்துக் கிணறு தெரியவில்லை. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடும் வளவும் சீதனம். மேட்டில் அவருக்கு இன்னொரு வளவு வேண்டியிருந்தது. புருசன் இல்லாத ஒருத்தியின் வளவு கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்தது.

அம்மா வீடு வீடாகப் போனாள். வீடு என்றால் அப்போது தறப்பாள் கொட்டில். சின்னத்தம்பி மாமாவிடம் போனபோது நானும் கூடப் போனேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார், அதே பழைய அடுப்புக்கல்லில். எங்களைக் கதிரையில் இருத்தினார். நேரே முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அது உன்ர வளவுதான். அந்தக் கிணத்தடியில நான் எத்தின நாள் குளிச்சிருப்பன்."

"அப்ப கந்தோரில வந்து அதைச் சொல்லுங்கோவன்."

"எப்பிடிச் சொல்லுறது? உனக்குக் காட்டினது பொய் எண்டு நான் சொன்னா, எனக்குக் காட்டினது உண்மை எண்டு ஆர் சொல்லுவினம்? அவற்ற வாயை நம்பித்தானே எல்லாற்ற எல்லையும் நிக்குது. அதில ஒண்டை உருவினா முழு வேலியும் சரிஞ்சுபோம்."

மற்ற வீடுகளில் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். எனக்கு விளங்கியது. ஊருக்கெல்லாம் சரியாகக் காட்டியது எதற்கென்றும் விளங்கியது. ஒருத்திக்கு மட்டும் பொய் சொல்லுகிறவனுக்கு ஊர் முழுக்கக் காவல் நிற்கும்.

பிறகு அவர் ஆள் வைத்துக் கிணற்றைத் தோண்டினார். மண்ணை அள்ளி அள்ளிக் கொட்ட, அடியிலிருந்து நெல்லிக்குற்றி வந்தது. கறுத்து, இரும்பு மாதிரி இருந்தது. சுற்றி நின்ற எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இரண்டொருவர் தங்களை அறியாமல் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

"பாத்தியளே? என்ர பூட்டன் போட்ட நெல்லி. இவ்வளவு காலமாயும் உக்கேல்ல" என்றார்.

"அது என்ர மனுசன்ர காலில விழுந்த நெல்லி!" என்று அம்மா கத்தினாள்.

"உனக்குக் களைப்பு தங்கச்சி. இரு, தண்ணி வரட்டும், முதல் வாளி உனக்குத்தான்."

உண்மையாகவே முதல் வாளியை அம்மாவிடம் நீட்டினார். அதுதான் அவர். அதற்குப் பிறகும் அம்மா குடத்தோடு போனால், "அள்ளு தங்கச்சி, அள்ளு. தண்ணிக்கு நான் ஆருக்கும் தடை சொல்லுறேல்ல" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். கேட்டவர்கள் அவரை நல்ல மனிதர் என்றார்கள். அம்மா தன் புருசன் வெட்டிய கிணற்றில் பிச்சைத் தண்ணீர் அள்ளினாள். கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒருநாள் நிறைத்த குடத்தை அவருடைய வாசலிலேயே கவிழ்த்து ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. களப்போரம் வெட்டிய சவர்க் கிணற்றிலேயே சமைத்தாள், அதையே குடித்தாள். நான் முன்பள்ளியில் இருந்து கொண்டுவரும் தண்ணீரையும் தொடமாட்டாள். அது அந்தக் கிணற்றுத் தண்ணீராக இருக்கும் என்ற சந்தேகம்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சவர்த் தண்ணீரால் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன். கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தெரியாமல் மேட்டுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய் வாயில் வைத்தேன். நாக்கில் பட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தண்ணீர் கழுத்தால் வழிந்தது.

செத்தவீட்டுக்கு அவர் வந்தார். பந்தலில் நடுக் கதிரையில் இருந்து, அம்மா பிறந்த கதையை ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மகளும் மருமகனும் சீதனமாகக் கிடைத்த எங்கள் மேட்டு வளவில் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டார்கள். கிணற்றில் மோட்டர் பூட்டினார்கள். விடிய முடுக்கினால் பொழுதுபடும்வரை அது கத்தும். மணல்மேட்டில் இருக்கிற நல்ல தண்ணீர் மேலே மிதக்கிற தண்ணீர். மழை தருவது. அளவாக அள்ளினால் நிற்கும், உறிஞ்சி எடுத்தால் கீழே இருக்கிற சவர் ஏறிவரும். மோட்டர் இல்லாத காலத்திலும் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். வட்டவிதானைக்குத் தெரியாமல் இருக்குமா? மழை பிழைத்த ஒரு வருசம் அந்தக் கிணறு முதலில் சவரானது. பிறகு பக்கத்து வளவுகளிலும் வாய் கொப்பளிக்க ஏலாமல் போனது. கச்சான் கருகியது. மகளும் மருமகனும் திருகோணமலைக்குப் போய் வாடகைக்கு இருந்தார்கள். ஊர் பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்கு வாளியோடு காத்து நின்றது.

பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்திருந்தார். தண்ணீர்த் தாங்கி எங்கே கட்டுவது என்று பேச வந்தவர், மேடு ஏன் சவரானது என்று கேட்டார். கடைசி வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பினான். "வட்டவிதானையின்ர மகள்ர கிணத்து மோட்டர்தான் எல்லாத்தையும் கெடுத்தது. அந்தக் கிணத்தில இருந்துதான் தொடங்கினது" என்றான்.

 எங்கள் வீட்டாரைத் தவிர வேறொருவர் வாயிலிருந்து அவருக்கு எதிராக ஒரு சொல் வெளியே வந்தது அதுதான் முதல் தரம். அவர் மெல்ல எழும்பினார். குடையைத் தூக்கி மேட்டுப் பக்கம் காட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"மோட்டரில ஒரு பிழையுமில்லை, மிஸ். கிணறு வெட்டினதில பிழை. அது எங்கட ஆக்கள் வெட்டின கிணறில்லை." குடை சுழன்று என் பக்கம் திரும்பியது. "இந்தப் பிள்ளையின்ர தேப்பன் வெட்டினது. நான் அப்பவே சொன்னனான், ஆழம் போகாதை எண்டு. கேக்காமல் வெட்டிச் சவர்க் கண்ணை உடைச்சுப்போட்டான். அதின்ர பலனைத்தான் ஊர் இப்ப அனுபவிக்குது."

 அலுவலர் சுற்றிவரப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் சின்னத்தம்பி மாமா. அவர் கிணறும் சவராகியிருந்தது. "அது இவளின்ர தேப்பன் வெட்டின கிணறுதான். நெல்லி போட்டதும் அவர்தான்."

"ஓம் ஓம், நகம் போனதல்லோ" என்றது இன்னொரு குரல். பிறகு எல்லா வாங்கிலிருந்தும் ஓம் வந்தது. அம்மா வாசல் வாசலாகப் போய்க் கேட்டபோது ஒரு வாயிலும் வராத ஓம். பழியைச் சுமக்க ஒரு செத்தவன் தேவைப்பட்டபோது ஊருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. என் அப்பாவைத் திட்டுவதற்காக என் அப்பாவின் கிணற்றைத் திருப்பித் தந்தார்கள்.

நான் எழும்பினேன். 

"மிஸ், அப்ப கிணறு இருக்கிற வளவும் எங்கட வளவெண்டு எழுதுங்கோ. ஊரே சாட்சி."

அவர் குடையைக் கைமாற்றினார். பிறகு தோளைக் குலுக்கி, "எடு பிள்ளை, சவர்க் கிணத்தை வைச்சு நான் என்ன செய்ய?" என்றார். கந்தோர் என்னை நன்றாக அலைய வைத்தது. கடைசியில் வளவு என் பெயருக்கு வந்தது. கொண்டுபோய்க் காட்டுவதற்கு அம்மா இல்லை.

மேட்டில் சிறுவீடு ஒன்று கட்டிக்கொண்டு வந்தேன். மோட்டர் பூட்டவில்லை, யாரையும் பூட்ட விடவுமில்லை. கிணற்றை இறைத்துச் சேறு அள்ளி, அதற்குள் கிடந்த அதே நெல்லிக்குற்றியைக் கழுவித் திரும்ப அடியில் இறக்கினேன். இரண்டு மாரி நல்ல மழை பெய்தது. ஒருநாள் காலை தண்ணீரை வாயில் விட்டேன். சவர் போயிருந்தது. கிணற்றுக்கட்டில் தலையை வைத்து ஆத்திரத்தில் அழுதேன். சந்தோசம் என்று யாராவது நினைத்தால் அது பிழை.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் அவர்தான். கிழடுதட்டிப் போயிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் செம்பு. படலையடியில் நின்று, "பிள்ளை, தண்ணி நல்லாயிட்டுதாமே?" என்றார்.

இந்த ஒரு நாளுக்காக நான் சொல் சேர்த்து வைத்திருந்தேன். வேலிக்கு அப்பால் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்:

"அள்ளுங்கோ மாமா, அள்ளுங்கோ. தண்ணிக்கு நாங்கள் ஆருக்கும் தடை சொல்லுறேல்ல."

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். குறைந்தது தலையாவது குனிவார் என்று நினைத்தேன். அவர் அள்ளினார். செம்பை அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்தார். பிறகு குடையைத் தூக்கிக் கிணற்றுக்குள் காட்டி, வேலிக்கு அப்பால் நின்றவர்களிடம் சொன்னார்:

"பாத்தியளே? என்ர பூட்டன் போட்ட நெல்லி. லேசில பழுதாகாது."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சிலர் தலையாட்டினார்கள். மேடு நல்ல தண்ணீருக்குத் திரும்பியிருந்தது, அவரவர் எல்லையும் அவரவருக்கு வேண்டியிருந்தது.

நினைவு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதவில்லை. சதுப்புக்குள்ளால் எங்களைக் கூட்டிப்போனதை நாலு வரியில் எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மேட்டுக் கிணற்றில் கிடக்கும் நெல்லியைப் போட்டவர் என் தகப்பனார்.' மகள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். வாசலிலேயே வாசித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தாள்.

நேற்று மலர் வந்தது. நான் எழுதிய நாலு வரியும் அப்படியே இருந்தன. அந்த ஐந்தாவது வரி இருக்க வேண்டிய இடத்தில், குடையைத் தூக்கி எதையோ காட்டிக்கொண்டு நிற்கிற அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள்.